திங்கட்கிழமை வகுப்பில் என்ன நடக்கிறது?

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் இந்த மேடையில் பல முறை பேசியிருக்கிறோம். இன்று வேறொரு விஷயம். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் நம் பிள்ளைகள் வகுப்பறையில் என்னதான் செய்கிறார்கள்? அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். பை தூக்கிப் போகிறார்கள், மாலையில் வருகிறார்கள், அவ்வளவுதானே! நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஒரு வாரம் ஒரு தொடக்கப் பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் நமது அறியாமை நமக்குத் தெரிந்தது.

நாங்கள் அங்கே போனது பாடம் கேட்பதற்கு அல்ல. உண்மையைச் சொன்னால், சண்டை போடத்தான் போனோம். ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் ஒரு தோழர் மில் கேட்டில் எங்களை நிறுத்தி, "என் மகள் மூன்றாம் வகுப்பு. தன் பேரைத் தவிர ஒரு வரி படிக்கத் தெரியவில்லை. அந்த டீச்சர் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்? நாலு பேர் போய்க் கேளுங்கள்" என்றார். கேட்கத்தான் போனோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள ஒரு தாயாரும் கூட வந்தார்.

டீச்சர் கோபப்படவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்து எங்கள் முன் வைத்தார். "நீங்களே பாருங்கள்" என்றார். பார்த்தோம். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி எல்லாம் சரியாக இருந்தது. திங்கட்கிழமைகளில் மட்டும் வரிசையாக 'வரவில்லை' என்று இருந்தது.

ஏன் திங்கள்? எங்கள் ஊரில் திங்கள்தான் சந்தை. தாய் கீரை விற்கப் போகிறார். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மகளும் கூடப் போகிறாள். வாரத்தில் ஒரு நாள்தானே, என்ன குறைந்துவிடும் என்று தகப்பனாரும் நினைத்தார், தாயாரும் நினைத்தார். நாங்களும் அதையே சொன்னோம். "அப்படியானால் ஒரு வாரம் இங்கே வந்து உட்கார்ந்து பாருங்கள்" என்றார் டீச்சர். நைட் ஷிப்ட் முடித்து வந்த ஒரு தோழரும் நாங்களும் உட்கார்ந்தோம்.

கண்ணி அறுந்தால் என்ன ஆகும்?

ஒரே அறை. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் மூன்றும் அதில்தான். 2022ஆம் ஆண்டு தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி பிள்ளைகள் வகுப்புவாரியாக மட்டுமல்ல, எவ்வளவு தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிந்து உட்காருகிறார்கள். நமது தோழரின் மகள் அரும்பில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒன்றாம் வகுப்புப் பையன்.

திங்களன்று டீச்சர் ஒரு கதை சொன்னார். பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள். விளையாட்டாக இருக்கிறதே என்று நினைத்தோம். பிறகு கதையில் வந்த சொற்களை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதினார். செடி, நெல், பெட்டி. அன்றைய பாடம் ஒற்றைக் கொம்பு. செவ்வாயன்று வேர், தேர், மேடு. இரட்டைக் கொம்பு. புதனன்று கொம்போடு துணைக்கால் சேர்ந்தது. கொடி, கோழி, சோறு.

புதனன்று அந்தப் பெண்ணை எழுப்பி 'கொடி' என்ற சொல்லைப் படிக்கச் சொன்னார். அவள் 'காடி' என்று படித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதன் பிறகு அன்று முழுவதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

அவள் செய்த தவறு என்ன? துணைக்கால் அவளுக்குத் தெரியும். என்றோ படித்திருக்கிறாள். கொம்பு தெரியாது. அதைச் சொல்லிக் கொடுத்த அன்று அவள் சந்தையில் இருந்தாள். தெரிந்த குறியை வைத்துப் படித்துவிட்டு, தெரியாததை விட்டுவிட்டாள். இது மந்தமா, தோழர்களே? இல்லை. ஒரு கண்ணி அறுந்துவிட்டது, அவ்வளவுதான்.

மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புளோரூமில் பஞ்சு சரியாகப் போகாவிட்டால் கார்டிங்கில் தெரியும். சிம்ப்ளெக்ஸ் நின்றால் ஸ்பின்னிங்கில் நூல் ஏது? வயலில் வேலை செய்கிறவர்களுக்கும் தெரியும். நாற்றங்கால் விடாமல் நடவுக்கு நாள் குறிப்பவர் உண்டா? வகுப்பறை வாரமும் அப்படித்தான். திங்கள் நாற்றங்கால், புதன் நடவு, வெள்ளி அறுவடை. நாற்றங்காலுக்கு வராதவள் அறுவடைக்கு வந்து வெறுங்கையோடு நிற்கிறாள்.

சந்தையில் தெரிந்த கணக்கு

வியாழனன்று கணக்கு. பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டிய கட்டுகள், கொஞ்சம் உதிரிக் குச்சிகள். 42லிருந்து 17 கழிக்க வேண்டும். இரண்டு உதிரியில் ஏழை எப்படி எடுப்பது? ஒரு கட்டை அவிழ்த்தால் உதிரி பன்னிரண்டாகிறது. ஏழை எடுத்தால் ஐந்து. மீதி மூன்று கட்டு. ஒன்றை எடுத்தால் இரண்டு. விடை 25. நாமெல்லாம் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்று புரியாமலேயே மனப்பாடம் செய்தோமே, அது இந்தக் குச்சிக்கட்டில் கண் முன்னே அவிழ்ந்தது. கூட இருந்த தோழர், "எனக்கு இப்போதுதான் புரிந்தது" என்று காதோடு சொன்னார். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல்.

நமது பெண் என்ன எழுதினாள்? 35. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று. எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டாள்.

இடைவேளையில் அவளிடம் கேட்டோம். "கீரை ஒரு கட்டு பத்து ரூபாய். மூன்று கட்டு வாங்கி ஐம்பது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?" நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் "இருபது" என்றாள். "கட்டு பன்னிரண்டு ரூபாய் என்றால்?" கொஞ்சம் யோசித்து, "பதினாலு" என்றாள். சந்தையில் சில்லறை கொடுப்பது அவள்தானாம்!

டீச்சரிடம் சொன்னோம். அவருக்கு அது தெரியாது. "இவளுக்குக் கணக்கே வராது என்று நினைத்திருந்தேனே" என்று வருத்தப்பட்டார். அன்று பிற்பகலே, கீரைக்கட்டை வைத்து அவளுக்கு ஒரு கணக்குப் போட்டார். பிள்ளையைப் பற்றி வீட்டுக்குத் தெரிந்தது பள்ளிக்குத் தெரியவில்லை. பள்ளிக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தெரியவில்லை. நடுவில் பிள்ளை தனியாக நிற்கிறாள்.

வெள்ளியன்று அந்த வாரப் பாடத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே சோதித்துப் பார்த்தார்கள். யாருக்கு எது வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். குறித்த பிறகு அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நேரம் வேண்டும். அந்த நேரம் எங்கே போகிறது என்பதையும் பார்த்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

யார் குற்றம்?

குற்றமெல்லாம் பெற்றோர் மீது என்று சொல்ல நாம் வரவில்லை. அந்தப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். நாங்கள் இருந்த வாரத்தில் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பையும் ஒருவரே பார்த்தார். போதாக்குறைக்குக் கைப்பேசியில் பதிவேற்ற வேண்டிய விவரங்கள் வேறு. பாடம் நடத்த வேண்டிய கை கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் சர்க்காரின் சிக்கனம் இப்படித்தான் வேலை செய்கிறது. இதை எதிர்த்துக் கேட்காமல், பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல.

இன்னொன்றும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. ஒன்றாம் வகுப்பில் கால் வைக்க வேண்டிய பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்காமலேயே இரண்டாம் வகுப்புக்குப் போனார்கள். கைப்பேசி இருந்த வீடு ஏதோ படித்தது. ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துப் போன வீடு என்ன செய்யும்? பள்ளிக்கூடம் மூடினால் முதலில் நஷ்டப்படுவது நம் வீடு என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

இந்த இடம் சும்மா வந்ததா?

தோழர்களே, அந்த வகுப்பறையில் நம் பிள்ளைக்கு இருக்கும் இடம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? ஏழு வயதுப் பிள்ளையை மில்லில் ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம் என்றது. அதுவும் அந்தக் காலத்தில் ஒரு சீர்திருத்தம்! வயது ஏழிலிருந்து ஒன்பதாகி, 1922இல் பன்னிரண்டாகி, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் பதினான்கு ஆயிற்று. நம் பாட்டன்மார் காலத்தில் இந்த வயதுப் பிள்ளைகளின் கையில் கதிர் இருந்தது, பலகை இல்லை.

1953இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜியின் மந்திரிசபை என்ன செய்தது? கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரப் பள்ளி போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 1956இல் மதிய உணவு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவு தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடிவதற்கு முன் வேலைக்கு ஓடும் தாய்க்கு இதன் அருமை தெரியும்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது அது. இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வாரம் ஐந்து நாள் என்றால் 200 நாள் என்பது 40 வாரம். வாரம் ஒரு நாள் தவறினால் ஆண்டுக்கு 40 நாள். ஐந்து ஆண்டுக்கு 200 நாள். அதாவது, 'ஒரு நாள்தானே' என்று விட்ட பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் முழுசாக ஒரு வருஷப் படிப்பை இழந்துவிடுகிறது!

அன்று திட்டம் போட்டுப் பறிக்கப் பார்த்ததை இன்று வீட்டு நெருக்கடி பறிக்கிறது. கூலி போதாததால் சந்தைக்குப் போக வேண்டியிருக்கிறது. சந்தைக்குப் போவதால் படிப்பு போகிறது. படிப்பு போனால் நாளைக்கு அதே போதாத கூலி. இந்தச் செக்கை எங்காவது ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும்.

என்ன செய்வது?

முதலாவது, எந்தப் பிள்ளையும் வீட்டு வேலைக்காகப் பள்ளி தவறக் கூடாது. அது அந்தந்த வீட்டுப் பாடு என்று விட்டுவிடக் கூடாது. எங்கள் தெருவில் என்ன செய்தோம்? அந்தக் கைக்குழந்தையைத் திங்கட்கிழமைகளில் முறை வைத்துப் பார்த்துக்கொள்வதென்று நான்கு வீட்டுத் தாய்மார்கள் பேசி முடிவு செய்தார்கள். பெரிய காரியம் அல்ல. ஆனால், அதற்கு முன் யாரும் செய்யவில்லை.

இரண்டாவது, வீட்டில் தினம் பத்து நிமிஷம். "எனக்கே எழுத்துத் தெரியாதே" என்று சொல்ல வேண்டாம். "இன்று என்ன சொல்லிக் கொடுத்தார்கள், எனக்குச் சொல்" என்று கேட்க எழுத்துத் தெரிய வேண்டுமா? ரேஷன் கார்டை, பஸ் பலகையை, மில் நோட்டீசைப் பிள்ளையைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூட்டி எண்ணச் சொல்லுங்கள். இன்னொரு வார்த்தை. நைட் ஷிப்ட் முடித்து அப்பா தூங்குகிறார் என்று எத்தனை வீட்டில் பிள்ளையின் வாயை அடக்குகிறோம்! வாய்விட்டுப் படிக்க ஒரு திண்ணையாவது, பக்கத்து வீடாவது பார்த்துக் கொடுங்கள்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். ஆனால், எங்கள் ஊரில் கூட்டம் வேலை நேரத்தில் நடக்கிறது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? நேரத்தை மாற்றச் சொல்லி நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூடுதல் ஆசிரியர் கேட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. பதில் வரும் வரை கேட்போம். ஒருவர் கேட்டால் மனு. ஊரே கேட்டால் அதற்குப் பெயர் வேறு.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கழித்தலில் இன்னும் தடுமாறுகிறாள். ஆனால், அரும்பிலிருந்து மொட்டுக்குப் போய்விட்டாள். போன வாரம் சங்க வாசலில் தகப்பனாரோடு நின்றிருந்தாள். நமது கொடிக்கம்பத்தின் கீழே எழுதியிருப்பதை விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். 'கொடி' என்ற சொல் வந்தபோது ஒரு கணம் நின்றாள். பிறகு சரியாகப் படித்தாள்.

தகப்பனார் எங்கள் பக்கம் திரும்பி ஒன்றும் பேசவில்லை. சண்டை போடச் சொல்லி அனுப்பியவர் அவர்தானே! சண்டை முடியவில்லை, தோழரே. யாரோடு, எதற்காக என்பது மட்டும் இப்போது நம் எல்லோருக்கும் விளங்கியிருக்கிறது.

நாளை திங்கட்கிழமை. உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை எங்கே இருக்கும்? இந்த ஒரு கேள்வியோடு வீட்டுக்குப் போங்கள்.