பழைய காரும் பழைய பெட்ரோலும்



பினாங்கு ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய ஒரு வீட்டு முற்றத்தில் மோரிஸ் மைனர் கார் ஒன்று பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் அது. தாத்தா ஓட்டிய காரைப் பேரன் ஓட்ட ஆசைப்படுகிறான். சாவியைத் திருப்புமுன் அவன் டாங்கியில் கிடக்கும் பழைய பெட்ரோலை இறக்கியாக வேண்டும். தோட்டத்தில் மோட்டார் சைக்கிளோ புல்வெட்டும் இயந்திரமோ வைத்திருப்போருக்கும் இந்தப் பேச்சு பொருந்தும்.

பெட்ரோல் கெட்டுப்போகுமா? கெட்டுப்போகும். எளிதில் பற்றும் இலேசான பகுதி முதலில் ஆவியாகிவிடும். எஞ்சியது காற்றோடு கலந்து நாளடைவில் பிசினாகும், நிறம் பழுக்கும், வார்னிஷ் வாடை வீசும். நம் நாட்டு ஈரக் காற்றால் டாங்கிக்குள் நீர் கோத்துக்கொள்ளும். நீர் கனமானது, அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். பிசினும் துருவும் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

சரி, எப்படி இறக்குவது? நம்மவர்கள் பலர் ரப்பர் குழாயை டாங்கியில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். இந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பெட்ரோல் தண்ணீரைவிட மெல்லியது. ஒரு மிடறு புரையேறினாலே நுரையீரலில் பரவி, கடுமையான அழற்சியை உண்டாக்கும். அப்படி நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வரும் வழியில் அது மீண்டும் நுரையீரலுக்குள் போகும். இருமலோ மூச்சுத் திணறலோ சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆகவே காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கைப்பம்பு மலிவாகவே கிடைக்கும். மோரிஸ் மைனரில் டாங்கி பின்பெட்டியின் தரைக்கு அடியில் இருக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் திறந்து வடிக்கத் திருகுமூடி ஒன்று உண்டு. வேலையைத் திறந்த வெளியில், இயந்திரம் ஆறிய பின் செய்யுங்கள். பேட்டரிக் கம்பிகளில் காரின் உடம்போடு பூட்டியதை முதலில் கழற்றுங்கள். பழைய மோரிஸ் கார்கள் பலவற்றில் அது நேர்முனைக் கம்பியாக இருக்கும்; எனவே கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக் கழற்றுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: எரிவது பெட்ரோலின் ஆவி. அந்த ஆவி காற்றைவிட 3 அல்லது 4 மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, தூரத்திலிருக்கும் நெருப்பைத் தேடிப் போகும். அக்கம்பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி, சிகரெட் எதுவும் எரியக்கூடாது. பெட்ரோல் வடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று எண்ணுவதும் தவறு. நிறைந்த டாங்கியில் ஆவிக்கு இடம் குறைவு. காலியான டாங்கியில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அதன்மேல் வெல்டிங் பொறி பட்டால் வெடித்துவிடும். ஓட்டை அடைக்கும் வேலையை அதற்குரிய பட்டறையில் விடுங்கள்.

இறக்கிய பெட்ரோலைப் பெட்ரோலுக்கென்றே செய்த கலனில் ஊற்றி மூடுங்கள். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தால், தாகத்தோடு வரும் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். விறகடுப்பு மூட்டவோ, குப்பை எரிக்கவோ, கைக்கறை கழுவவோ அதை எடுக்கவே கூடாது.

சாக்கடையிலும் ஊற்றக்கூடாது. டத்தோ கிராமாட் வட்டாரத்துச் சாக்கடை நீர் சுங்கை பினாங்கு ஆற்றுக்கும், அங்கிருந்து கடலுக்கும் போகிறது. தோட்டத்துக் கால்வாயில் ஊற்றினால் அது நாம் குளிக்கும் ஓடைக்குப் போகும். போகும் வழியிலேயே ஆவி பிறர் வீட்டு அடுப்பை எட்டலாம். மண்ணையும் நீரையும் மாசுபடுத்துவதை 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடுக்கிறது. பழைய எண்ணெயை வாங்கிக்கொள்ளும் பட்டறை எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அதன் பிறகே திருகைத் தொடுங்கள்.

வீட்டில் யாராவது ரப்பர் குழாயை வாயருகே கொண்டுபோனால், சிறு பிள்ளையானாலும் சரி, "வேண்டாம்ப்பா, பம்பை எடு" என்று சொல்லித் தடுக்கட்டும். பம்புக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.