மேசைமேல் ஓடும் ரயில்

ஜவ்வாது மலையடியிலுள்ள திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடிற்று என்றால் இன்றைய இளைஞர் பலர் வியப்பர். 1905இல் திறக்கப்பட்ட குறும்பாதை அது; தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடியே அகலம். பஞ்சம் வந்தால் தானியம் விரைந்து போய்ச் சேரவேண்டும், செலவும் மிகலாகாது என்று கருதி இட்ட பாதை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது.

புனே நகரில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் காட்சிசாலையில் மாதிரி ரயில்கள் ஓடக் கண்டேன். விளக்கு நிறம் மாறுகிறது, வண்டி புறப்படுகிறது, வளைவில் திரும்பி மறைகிறது. பார்ப்போர் வயதை மறக்கின்றனர்.

மாதிரி ரயில்களில் உலகெங்கும் பரவியுள்ள அளவு, 87இல் ஒரு பங்கு. அக்கணக்கில் நம் இரண்டரை அடிப் பாதை ஏறத்தாழ 9 மில்லிமீட்டராகும். அதனையும் ஒரு மேசைமேல் ஓட்டலாம். ஆனால் நிலையத்தின் கூரை ஓடா, கீற்றா? தண்ணீர்த் தொட்டி எப்பக்கம் நின்றது? இவை தெரியாமல் மாதிரி அமையாது. சிறுவயதில் அவ்வண்டியில் ஏறியோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அத்தகைய பெரியோர் உங்கள் இல்லத்தில் இருப்பின், இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.