யார் செய்தது? இன்னும் நடக்குதா?



ஊரில இருந்து வாற வாக்குமூலங்களை ஆங்கிலத்துக்கு மாற்றுற வேலை எங்களில் பலருக்கு வந்து சேருது. அதுக்குத் தேவையான இரண்டு இலக்கண விதிகளைப் பற்றித்தான் இண்டைக்குப் பேசப்போறன்.

முதலாவது, செயப்பாட்டுவினை. ஆங்கில பாசிவ் வாய்ஸில் செய்தவரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 1987இல் ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றிப் பேசிய அமெரிக்க ஜனாதிபதி ரேகன், தவறுகள் 'செய்யப்பட்டன' என்றார். யார் செய்தது? அந்த வசனத்தில் ஆள் இல்லை.

ஆனால் பாசிவ்தான் எதிரி எண்டு முடிவெடுக்க வேண்டாம். 'காணாமல் போனவர்கள்' என்பதில் பாசிவ் இல்லை. அதிலும் செய்தவர் இல்லை. ஏதோ தாங்களாகவே போன மாதிரி. இலங்கை அரசு 2016இல் சட்டம் போட்டு உருவாக்கிய அலுவலகத்தின் பெயரிலும் 'காணாமற்போன' என்ற சொல்தான் இருக்குது. அம்மாக்கள் சொல்றது 'காணாமல் ஆக்கப்பட்டவர்கள்'. இது பாசிவ்தான்! ஆனால் 'ஆக்கினது யார்?' என்ற கேள்வி அதுக்குள்ளேயே இருக்குது. இதை 'மிஸ்ஸிங்' எண்டு மாற்றினால் அந்தக் கேள்வி இல்லாமல் போயிடும். 'ஃபோர்சிப்லி டிஸ்அப்பியர்ட்' எண்டு எழுதுங்கோ. சொன்னவர் இராணுவம் எண்டு சொல்லியிருந்தால், 'பை' போட்டு அதையும் எழுதுங்கோ. அவர் சொல்லாததைச் சேர்க்காதேங்கோ.

இரண்டாவது, அயற்கூற்று. 'தேடுறம் எண்டு அம்மாக்கள் சொன்னவை.' சொன்னது இறந்தகாலம். தேடுறது நிகழ்காலமாகவே நிற்குது. ஆங்கிலத்தில் பள்ளிக்கூட விதிப்படி மாற்றினால் 'தே செட் தே வேர் சேர்ச்சிங்' எண்டு வரும். தேடி முடிஞ்ச மாதிரி வாசிக்கிறவருக்குப் படலாம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்தில் இருந்த தாய்மாருக்கு இன்னும் பதில் கிடைக்கேல்லை. சொன்ன விஷயம் இப்பவும் உண்மை எண்டால் நிகழ்காலத்தை அப்படியே விடலாம். ஆங்கில இலக்கணமே அதுக்கு இடம் தருது. 'தே ஆர் ஸ்டில் சேர்ச்சிங்' எண்டு எழுதுறதில பிழை இல்லை.

இன்னொண்டு: 'சொன்னார்' என்பதை 'க்ளெய்ம்ட்' எண்டு மாற்றாதேங்கோ. அது சொன்னவர் மேலேயே சந்தேகத்தைப் போடும். 'செட்' போதும்.

அடுத்த தொகுதியை இரண்டு பேராகச் சரிபார்ப்பம். ஒருவர் தமிழை வாசிக்கட்டும். மற்றவர் ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்கு மட்டும் கோடு போட்டு, யார் செய்தது, இன்னும் நடக்குதா எண்டு கேட்கட்டும்.