தீ அணைந்த பிறகு



மாசி, பங்குனி மாதங்களில் நம் ஊர் கோம்பையில் இரவு மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்த்தால், சில நாள் மலைச் சரிவில் சிவப்பாக ஒரு கோடு தெரியும். "மலையில தீ புடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிச் சாப்பிடப் போய்விடுவோம். பார்த்துப் பழகிய காட்சிதான். ஆனால் அந்தக் கோடு எல்லோருக்கும் ஒன்றுபோலத் தெரிவதில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில் நடைப்பயணம் போயிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்திருந்த இளைஞர்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர். காய்ந்த புல், எதிர்க்காற்று, செங்குத்தான சரிவு, ஓட வழியில்லை. அன்றைக்கும் அடுத்தடுத்த நாட்களிலுமாக 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதற்கு முன்பே இருட்டில் மலையேறி, போர்வையில் டோலி கட்டிக் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

தொலைக்காட்சி வண்டிகள் சில நாளில் திரும்பிவிட்டன. நான் பேச வந்தது அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி.

இப்படி ஒன்றில் மாட்டித் தப்பியவர்களுக்கு மட்டுமல்ல, கூட நின்று பார்த்தவருக்கும், பிணம் தூக்கியவருக்கும் வரக்கூடிய நோய் ஒன்று இருக்கிறது. பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன உளைச்சல் நோய். மருத்துவர்கள் சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல்தான் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நோய் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. முதல் உலகப் போரில் குண்டுச் சத்தத்தில் கைகால் நடுங்கிப் பேச்சிழந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கோழை என்றும், ஓடிப்போனவன் என்றும் தன் படையாட்களையே பிரிட்டன் சுட்டுக் கொன்றது. அப்படிக் கொல்லப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் மன்னிப்பு கிடைத்தது. மன்னிப்பு கேட்டிருக்க வேண்டியது எந்தப் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? விளக்க நமக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம், நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு நாய் இருக்கிறது. அந்நியக் காலடி பட்டதும் குரைக்கும். அதற்காகத்தான் கோம்பை நாயை வளர்க்கிறோம். மூளையிலும் அப்படி ஒரு காவல் உண்டு. நாம் யோசிப்பதற்கு முன்பே நெஞ்சைப் படபடக்க வைத்து, காலை ஓட வைக்கும். உயிரைக் காப்பாற்றுவதே அதுதான். ஆபத்து நீங்கியதும் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காவல் சில வாரங்களில் அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது. ஆள் போன பிறகும் விடிய விடியக் குரைக்கும். தீயில் மாட்டித் தப்பியவருக்குச் சோளத்தட்டை கொளுத்தும் புகை மூக்கில் ஏறினால் போதும். நடந்தது ஞாபகத்துக்கு வருவதாக அவருக்குத் தோன்றாது, இப்போது மறுபடி நடப்பதாகவே தோன்றும்.

குரங்கணி மாதிரிப் பெரிய செய்தியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விடிகாலையில் கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகளை நமக்குத் தெரியும். எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்பதும் தெரியும். அதில் ஒரு ஜீப் வளைவில் கவிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு அம்மாவுக்குத் தோளில் சிராய்ப்பு மட்டும். பக்கத்தில் இருந்தவர் இறந்துவிட்டார். ஊரே "சாமி காப்பாத்துச்சு" என்கிறது. இரண்டு மாதம் கழித்தும் அந்த அம்மா ஜீப்பில் ஏற மாட்டேன் என்கிறார். ஏறினால் வேர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. ராத்திரி திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறார். கதவு படீரென்று சாத்தினால் அலறுகிறார். பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது அவருக்குச் சிரிப்பும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. "அந்த சீட்டுல நான் உக்காந்திருக்கணும்" என்ற குற்ற உணர்ச்சி வேறு. கூலி போகிறது, மகளிர் குழுக் கடனுக்குத் தவணை நிற்கிறது. வீட்டுக்காரர் சொல்கிறார்: "உனக்கு மட்டுமா கவுந்துச்சு? கூட இருந்தவ எல்லாம் வேலைக்குப் போறாள்ல?"

அவர் கெட்டவர் இல்லை, விஷயம் தெரியாதவர். ஒரே வண்டியில் போன பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் இது வரலாம். வாழ்நாளில் நூற்றுக்கு 70 பேர் இப்படியொரு பெரிய அதிர்ச்சியைச் சந்திக்கிறார்கள், அப்படிச் சந்திப்பவர்களில் நூற்றுக்கு 5.6 பேருக்குத்தான் இந்த நோய் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. போர் நடந்த இடங்களில் இது 15க்கு மேல். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல மருத்துவராக இருந்தவர் தயா சோமசுந்தரம். தனி மனிதர் மட்டுமல்ல, ஊர், உறவு என்று சமூகமே காயப்படும் என்று அவர் எழுதினார். சிகிச்சையில் மக்களின் வழிபாடு, மந்திர உச்சரிப்பு, மூச்சுப் பயிற்சி எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தவர்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் பக்கம் பயந்தவரை முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப்போவோம். வேப்பிலை அடித்து, திருநீறு போட்டு, கயிறு கட்டுவார்கள். போங்கள், தப்பில்லை. ஊர் கூடி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறது என்பதே ஆறுதல்தான். ஆனால் கயிறு கட்டியதோடு நிறுத்திவிட்டு, பேய் பிடித்தது என்று அடிக்கத் தொடங்கினால் அது வைத்தியம் இல்லை, இரண்டாவது காயம்.

இன்னொரு தவறு படித்தவர்கள் செய்வது. "மனசுல வச்சுக்காதே, கொட்டிடு" என்று நடந்ததை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்ல வைப்பார்கள். சம்பவம் நடந்த உடனே உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்வதால் நோய் வராமல் தடுக்க முடியாது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. அவராகப் பேசினால் கேளுங்கள். முதலில் சோறு, தூக்கம், பாதுகாப்பான இடம், தெரிந்த முகம், இவைதான் மருந்து. தூக்கம் வரவில்லையே என்று மருந்துக் கடையில் மாத்திரை கேட்க வேண்டாம். டாஸ்மாக் வேண்டவே வேண்டாம். குடித்தால் அன்றைக்குத் தூங்கலாம். நோய் நீளும், குடும்பம் முறியும்.

ஒரு மாதம் தாண்டியும் இந்த அறிகுறிகள் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிலருக்கு ஆறு மாதம் கழித்துக்கூடத் தலைகாட்டும். சிகிச்சை பெரும்பாலும் பேச்சு வழியாகத்தான். பயிற்சி பெற்ற ஒருவர், வாரம் ஒருமுறை என்று சில மாதம், அஞ்சி ஒதுக்கிய நினைவையும் இடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக அணுகப் பழக்குவார். நின்ற ஜீப்பில் ஐந்து நிமிடம் உட்காருவதிலிருந்து அந்த அம்மாவுக்குத் தொடங்கலாம். தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை தருவார்கள். அதற்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விபத்து வழக்கில் எலும்பு முறிவுக்குச் சான்றிதழ் கேட்கிறோம், எக்ஸ்ரே வைக்கிறோம். தூக்கம் போனதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. உரிமையைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும்.

கோம்பைக்காரர்களுக்கு வழி இதுதான். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை. கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். உங்களுக்கு இல்லாவிட்டாலும், ஜீப்பில் ஏற மறுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்காக இந்த எண்ணைக் குறித்து வையுங்கள். ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.