கண்ணும் செவியும் கையும்
(மாதாப்பூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் நெடிது பேசுதல் நன்றன்று. அதிலும் குழந்தைகள் ஒப்பனையோடு நடனத்திற்குக் காத்திருக்கும்போது அது பெரும்பிழையாகும். ஆதலின் ஒரே ஒரு கருத்தைக் கூறி அமர்கின்றேன்.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோருள் சிலர், "ஐயா, எங்கள் பையன் கண்ணால் கற்பவன். படம் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வான், வாய்விட்டுப் படிக்கச் சொல்லாதீர்கள்" என்கின்றனர். வேறு சிலர், "எங்கள் பெண் செவியால் கற்பவள், எழுதச் சொன்னால் வாராது" என்கின்றனர். எங்கோ ஒரு வினாத்தாளை நிரப்பச் செய்து, குழந்தையின்மேல் இப்படி ஒரு முத்திரையைக் குத்தி விடுகின்றனர். ஏழு வயதிலே குத்திய முத்திரை எழுபது வயது வரை அழிவதில்லை. அதனாலேயே இதனைப் பற்றிப் பேசத் துணிந்தேன்.

கற்போரைக் காண்பவர், கேட்பவர், படித்து எழுதுபவர், செய்து பார்ப்பவர் என நால்வகையாகப் பகுத்து, நியூசிலாந்து நாட்டு நீல் ஃபிளெமிங் என்பார் தம் துணையாசிரியருடன் 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மாணவர் தம் பழக்கத்தைத் தாமே எண்ணிப் பார்ப்பதற்கு ஒரு தூண்டுகோல் என்றே அவர் அதனை அளித்தார். பின்வந்தோர் அதனை ஒரு சாதிப் பிரிவு போலவே ஆக்கிவிட்டனர். 2008-இல் ஹெரால்டு பாஷ்லர் முதலிய அமெரிக்க உளநூலறிஞர் நால்வர் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். கண்ணால் கற்பவன் எனப்படும் மாணவனுக்குக் கண்வழியே கற்பித்தால் அவன் மிகுதியாகக் கற்பான் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்தம் முடிபு. விருப்பம் வேறு, கற்கும் திறம் வேறு. குழந்தைக்கு மிட்டாய் பிடிக்கும் என்பதனால் அதனையே உணவாக இடுகின்றோமா?

அப்படியானால் படமே வேண்டாவோ என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும், ஆனால் ஒருவனுக்கு மட்டுமன்று, எல்லாக் குழந்தைகளுக்கும் வேண்டும். கொமேனியுஸ் என்னும் ஐரோப்பிய ஆசிரியர் 1658-லேயே குழந்தைகளுக்குப் படமும் சொல்லும் இணைந்த பாடநூலை வெளியிட்டார். சொல்லாகவும் உருவாகவும் இருவழியிற் பதிந்தது நினைவில் எளிதாக நிற்கும் என்று கனடா நாட்டு ஆலன் பைவியோ 1971-இல் விளக்கினார். ஆகவே, எந்தப் புலனைத் துணைக்கு அழைப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது குழந்தையின் முத்திரையன்று. அன்றைய பாடத்தின் இயல்பேயாகும். நம் தமிழ் எழுத்துகளைக் கொண்டே இதனைக் காட்டுகின்றேன்.

'மலை', 'மழை' என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கு வளரும் பிள்ளைகள் பலர் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கின்றனர். 'பல்லி', 'பள்ளி' என்பனவும் அவ்வாறே. இங்கே செவி மட்டும் துணை செய்யாது. மலையின் படத்தின் கீழே லகரத்தையும், மழையின் படத்தின் கீழே ழகரத்தையும் வண்ணமிட்டு எழுதிக் காட்டினால் வேறுபாடு கண்ணிலே பதியும். பின்னர் நாவும் வழிக்கு வரும்.

அடுத்து, 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்பவற்றைப் பாருங்கள். ககரத்திற்குத் தெலுங்கிலே நான்கு எழுத்துகள், நமக்கோ ஒன்றே. சொல்லின் முதலில் வன்மையாகவும், ஙகரத்தை அடுத்து அதிர்ந்தும், இரண்டு உயிரொலிகளின் இடையே மென்மையாகவும் அது ஒலிக்கின்றது. கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. செவிக்கே வேறுபாடு தெரியும். 'கண்ணால் கற்பவன்' என்று வாய்விட்டுப் படிக்க விடாத பிள்ளை இவ்விடத்தில் இடறி விழுவான்.

மூன்றாவது, 'கொ' என்னும் எழுத்து. இதன் கொம்பு முன்னே நிற்கின்றது; ககரம் நடுவே நிற்கின்றது; கால் பின்னே நிற்கின்றது. ஆனால் வாய் ககரத்தையன்றோ முதலில் ஒலிக்கின்றது! தெலுங்கில் இத்தகைய உயிர்க்குறி எழுத்தின் தலைமேல் அமர்வதால், பள்ளியில் தெலுங்கு பயிலும் நம் பிள்ளைகளுக்கு இது பெருமயக்கம். இங்கே கண்ணும் செவியும் தோற்கும், கைதான் வெல்லும். கொம்பு, ககரம், கால் என மூன்று அட்டைகளை வெட்டிக் கொடுங்கள். குழந்தை தன் கையால் கூட்டியும் பிரித்தும் பார்க்கட்டும்.

இது நமக்குப் புதிய நெறியன்று. நம் திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே வாயால் உரக்கச் சொன்னார்கள். கண்ணும் செவியும் நாவும் கையும் ஒருங்கே உழைத்தன. இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்ட ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார் சென்னை அநாதைச் சிறுவர் விடுதியில் அதனைக் கையாண்டு, 1797-இல் இங்கிலாந்தில் அதுபற்றி ஒரு நூலே வெளியிட்டார். நம் காலத்திலும், ஆந்திரத்து மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலியில் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக உருவான அட்டைகளையும் ஏணிப்படி முறையையும் தழுவி, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. அதில் குழந்தை தனக்குரிய அட்டையைத் தானே தேடி எடுத்து, பார்த்தும் சொல்லியும் எழுதியும் அடுத்த படிக்கு ஏறியது.

இனி நம் ஊருக்கு வருகின்றேன். சென்னைக் குழந்தை பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்துப் பலகையிலும், கடைப் பலகையிலும், சுவரொட்டியிலும் தமிழைக் காண்கின்றது. 1998-இல் சைபர் டவர்ஸ் எழுந்தபின் பெருகிய இந்த மாதாப்பூரிலோ, நம் குழந்தையின் கண்ணில் நாள்தோறும் படுவன தெலுங்கும் ஆங்கிலமுமே. தமிழ் அதற்கு அடுக்களையில் அம்மாவின் குரலாக, தொலைபேசியில் தாத்தாவின் குரலாக, செவிக்கு மட்டுமே கிட்டுகின்றது. நம் பிள்ளைகள் தமிழைச் சரளமாகப் பேசியும் படிக்கத் திணறுவது இதனால்தான். குறை குழந்தையின் பிறவியில் இல்லை. அதன் கண்ணுக்குத் தமிழ் ஊட்டப்படவில்லை. செவிக்குச் சோறிட்டோம்; கண்ணைப் பட்டினி போட்டோம்!

ஆதலின் தாய்மார்களே, தந்தையர்களே, உங்களிடம் யான் வேண்டுவன மூன்று. அடுக்களைச் சம்புடங்களில் உப்பு, புளி, மிளகு என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். அச்சீட்டுகளைக் குழந்தையே எழுதட்டும். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியிடம், திங்களுக்கொரு கடிதம் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அதனைக் குழந்தை உரக்கப் படித்து, நான்கு வரியேனும் விடை எழுதட்டும். மூன்றாவதாக, "இவன் இப்படித்தான் கற்பான்" என்னும் சொல்லை அவன் காதுபட இனிச் சொல்லாதீர்கள்.

கண்ணும் செவியும் கையும் நம் பிள்ளைகளுக்கு இயற்கை அளித்த செல்வங்கள். அவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பூட்டி வைக்க நமக்கு உரிமையில்லை.