நூலும் நூலும்

(வானொலி மறையுரை)



கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. வெயில் அதிகம் பதிவான ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருகிறது. மலைக்கோயிலின் 365 படிகளும் நண்பகலில் கால் வைக்க முடியாதபடி சுடுகின்றன. பிள்ளைகளுக்கோ விடுமுறை. காலை 11 மணிக்குக் கதவைச் சாத்தினால் மாலை 4 மணிவரை எல்லாரும் வீட்டுக்குள்தான். அந்த ஐந்து மணி நேரம் எப்படிப் போகிறது? பல வீடுகளில் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு கைப்பேசி. ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறோம். ஆனால் பாட்டியோடு பேச ஆள் இல்லை.

இந்தக் கோடைக்காக நாம் இன்று இரண்டு நூல்களைப் பற்றிச் சிந்திப்போம். ஒன்று கையில் திரிக்கும் நூல், மற்றொன்று கண்ணால் படிக்கும் நூல். நம் எல்லையோர வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. தெலுங்கில் ‘நூலு’ என்றால் பருத்தி இழை மட்டுமே. தமிழோ அந்த ஒரே சொல்லைப் புத்தகத்துக்கும் வைத்திருக்கிறது. ஏன்? பவணந்தி முனிவர் தம் நன்னூலில் காரணம் சொல்கிறார். சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, புலவர் நூல் நூற்கும் பெண், அவருடைய வாயே கை, அறிவே கதிர் என்று ஒப்பிடுகிறார். அடுத்து, தச்சர் மரத்தின் கோணலைத் தீர்க்க நூல் பிடிப்பதுபோல, நல்ல நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்கிறார். கல்வியை விளக்க, வீட்டில் நூல் நூற்கும் ஒரு பெண்ணையே அந்தத் துறவி எடுத்துக்காட்டாகக் கொண்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆதாரக் கல்விப் பள்ளிகளில் படித்த பெரியவர்களுக்குத் தக்கிளி நினைவிருக்கும். அடியில் சிறு வட்டு பொருத்திய ஒரு கம்பி, அவ்வளவுதான். ஒரு கையால் அதைச் சுழற்றிவிட்டு, மறு கையால் பஞ்சுப் பட்டையை மெல்ல இழுக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் இழை அறுந்துவிடும். தயங்கி இழுத்தால் தடித்துவிடும். அறுந்தால் முடிச்சுப் போடத் தேவையில்லை. அறுந்த முனையைப் பஞ்சோடு சேர்த்துப் பிடித்து மறுபடி திரித்தால் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் அறுந்துபோன உறவுகளையும் இப்படித்தான் சேர்க்க வேண்டும். பழைய முடிச்சுகளைப் போட்டு வைக்காமல், பொறுமையாகத் திரித்துச் சேர்க்க வேண்டும்.

தக்கிளி கிடைக்காவிட்டால் கொக்கி ஊசி போதும். நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி ஸ்வெட்டர் வேண்டாம். பருத்தி நூலில் ஒரு தண்ணீர்ப் பானை மூடி பின்னலாம், பீடத் துணிக்கு ஓரம் பின்னலாம். பாட்டிக்குக் கண் மங்கியிருந்தாலும் விரல்களுக்கு வேலை மறந்திருக்காது. அவர் பின்னச் சொல்லித் தரட்டும், பேரனும் பேத்தியும் முறை வைத்துப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். பின்னல் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்க வேண்டாம். பவுலடியார் கூடாரம் செய்யும் தொழிலாளியாகத் தம் கைகளால் உழைத்தவர்தானே!

படித்து முடித்த புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று நம் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளை. கல்லூரிப் படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய மெய்யியல் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். புத்தகம் கையில் இருந்ததால் அவர் அந்தப் பாடத்தையே எடுத்தார். பின்னாளில் உலகறிந்த மெய்யியல் அறிஞராகவும், நாட்டின் குடியரசுத் தலைவராகவும் ஆனார். கை மாறிய சில பழைய புத்தகங்கள் செய்த வேலை அது.

அன்பானவர்களே, இங்கே ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. நமக்குப் பொழுதுபோக்காக இருக்கும் நூல், அக்கம்பக்கத்தில் பலருக்கு வயிற்றுப்பாடு. பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் ஆர்.கே.பேட்டையிலும் இதே வெயிலில் தறிகள் ஓடுகின்றன. தறி ஓட்டுபவருக்குக் கூலி உண்டு. வீட்டில் உட்கார்ந்து தார் சுற்றித் தரும் தாய்க்கும் மகளுக்கும் பல நேரங்களில் தனிக் கூலி இல்லை. அது வீட்டு வேலையோடு வேலையாகக் கரைந்துவிடுகிறது.

தோபித்து நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இதே வலி இருக்கிறது. பார்வை இழந்த தோபித்துவின் குடும்பத்தை அவர் மனைவி அன்னா கைவேலை செய்து காப்பாற்றுகிறார். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் முழுக் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்பளிப்பாகத் தருகிறார்கள். ஆட்டின் சத்தம் கேட்ட தோபித்து, அது திருடியதாக இருக்குமோ என்று சந்தேகிக்கிறார். மனைவி சொல்லியும் நம்ப மறுக்கிறார். இறைப்பற்று மிக்க அந்த மனிதருக்கே, தம் மனைவியின் விரல்களுக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பது தெரியவில்லை. நம் வீடுகளில் எத்தனை அன்னாக்கள்!

அந்த மதிப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த சீர்திருத்தச் சபை மறைப்பணியாளர் சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட், பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் பின்னல் வேலையில் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையைப் பெற்றுக்கொண்டார்கள். அந்தப் பின்னலோடு அவர்களுக்கு எழுத்தும் வாசிப்பும் கற்றுத்தரப்பட்டன. நூலும் நூலும் சேர்ந்தபோது விலங்கு உடைந்தது.

வயல்வெளி மலர்கள் உழைப்பதுமில்லை, நூற்பதுமில்லை என்று ஆண்டவர் சொன்னாரே, அப்படியானால் நூற்பது வீண்தானா என்று யாராவது கேட்கலாம். கவலைப்படாதீர்கள் என்பதே அவர் சொன்னது; உழைப்பை அவர் இகழவில்லை. சிலுவையடியில் படைவீரர்கள் சீட்டுப் போட்ட அவருடைய அங்கி, தையலே இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒன்றாக நெய்யப்பட்டது. எந்தக் கை நெய்தது என்று நற்செய்தி சொல்லவில்லை. பெயர் தெரியாத அந்த உழைப்பைத்தான் ஆண்டவர் இறுதிவரை தம் உடலில் அணிந்திருந்தார்.

ஆகவே இந்தக் கோடையில் மூன்று காரியங்கள் செய்வோம். நாள்தோறும் ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தள்ளி வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கைவேலை செய்வோம். நாம் படித்த புத்தகம் ஒன்றை, தறி வீட்டுப் பிள்ளை ஒருவருக்குக் கொடுப்போம். தெருவில் கைத்தறித் துண்டோ லுங்கியோ விற்க வருபவரிடம் பேரம் பேசுமுன், நம் விரல்கள் ஒரு சாண் பின்ன எவ்வளவு நேரம் எடுத்தன என்று எண்ணிப் பார்ப்போம்.

யோப்பாவில் தபித்தா இறந்தபோது, அவர் செய்து தந்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் அழுதபடியே காட்டினார்கள். அவருடைய வாழ்க்கைக்கு அவையே சாட்சி. நம் கைகள் செய்ததைக் காட்டவும் நாலு பேர் இருக்கட்டும். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.