பாற்பல்லிற் சூத்தை: துளைக்காமலும் நிறுத்தலாம்



"பாற்பல்தானே, விழுந்துவிடும்" என்பது எமது வீடுகளிற் பலகாலமாக வழங்கிவரும் பேச்சு. ஆனால் கடைவாய்ப் பாற்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்கவேண்டியவை. மூன்று வயதிற் சூத்தை விழுந்த பிள்ளை, அப்பல்லுடன் பல ஆண்டுகள் உண்ணவும் உறங்கவும் வேண்டும். நாட்பட்டுச் சீழ் கட்டினால், மருத்துவமனையில் முழுமயக்கம் கொடுத்துப் பல்லைப் பிடுங்க நேரிடலாம். இந்நிலைக்கு முன்னரே நோயை நிறுத்தும் வழிகள் இருக்கின்றன என்பதே இன்று நான் கூற விரும்புவது.

சூத்தை வெறும் ஓட்டையன்று. வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியிலிருந்து உருவாக்கும் அமிலம் பல்லைக் கரைப்பதே அந்நோய். பற்றீரியாவை அடக்கினால் துளைக்காமலே நோயை நிறுத்தலாம்.

முதலாவது முறை, வெள்ளி டயமின் புளோரைட் எனும் திரவத்தைச் சிறு தூரிகையாற் பூசுவது. வெள்ளி பற்றீரியாவைக் கொல்லும். புளோரைட் பல்லை இறுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. இரண்டாவது, ஸ்கொட்லாந்துப் பல் வைத்தியர் நோர்னா ஹோலின் பெயரால் வழங்கும் முறை. ஊசியுமின்றித் துளைப்புமின்றி, கடைவாய்ப் பல்லின்மேல் உருக்குக் கவசத்தை ஒட்டிச் சூத்தையை உள்ளேயே மூடிவிடுவர். உணவு கிடைக்காத பற்றீரியா அடங்கிவிடும்.

வெள்ளித் திரவம் பூசினாற் சூத்தை பட்ட இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று தயங்கும் பெற்றோரே, கறுத்த பாற்பல் ஒருநாள் விழுந்துவிடும்; பிள்ளையின் வலியும் மயக்க மருந்தும் அப்படியல்ல என்பதை எண்ணிப்பாருங்கள். எனினும் இரவில் தானாக வலிக்கும் பல்லுக்கும் சீழ் கட்டிய பல்லுக்கும் இம்முறைகள் பொருந்தா. ஆகவே காலந்தாழ்த்தாதீர்கள்.

செலவுக்கும் அஞ்சவேண்டாம். தகுதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு 2014இல் தொடங்கிய மத்திய அரசின் சிறுவர் பல்நலத் திட்டம் உண்டு. சிட்னியில், மெடிகெயார் தகுதியுள்ள 18 வயதுக்குட்பட்டோருக்கு அரச பல் மருத்துவ நிலையங்களிற் கட்டணமில்லை. மெல்பேர்ணில், அரச பாடசாலை மாணவருக்கு 'ஸ்மைல் ஸ்குவாட்' இலவச சேவை வழங்குகிறது.

இளையோரே, மாதமொருமுறை உங்கள் தம்பி தங்கையரின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசோரம் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக்கோடு தெரிந்தால், அதுவே சூத்தையின் முதலடையாளம். அந்நிலையிற் புளோரைட்டாற் பல்லை மீட்கலாம். படுக்கையிற் பாற்போத்தலை நிறுத்துவதும், ஒன்றரை வயதிலிருந்து சிறுவர் பற்பசையால் இருவேளை துலக்குவதும் எல்லாச் சிகிச்சைக்கும் முந்திய சிகிச்சையாகும்.